நிரந்தரப் பலகையா, மடக்குப் பலகையா, வேகத்தடையா?

கொழும்பை அடுத்த பத்தரமுல்லைப் பக்கம் ஈரநிலத்தை ஒட்டிச் செல்லும் எங்கள் குடியிருப்பு வீதியில், கபரகொய்யா எனும் பெரிய நீருடும்பு வாகனங்களில் அடிபடுவது புதிதல்ல. ஆனால் ஒரு மழைநாள் விடியலில் மீன்பிடிப் பூனை ஒன்று சிதைந்து கிடந்தபோதுதான் குடியிருப்பாளர் சங்கம் விழித்துக்கொண்டு, சாரதிகளை மெதுவாகச் செல்ல வைக்க எச்சரிக்கைப் பலகையா வேகத்தடையா என்று ஆராயத் தொடங்கியது. ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பில் இத்தகைய விலங்குகள் நம் மதிலோரத்திலேயே வாழ்கின்றன.

விலங்கு நெருங்கும்போது மட்டும் விளக்கெரியும் உணரிப் பலகைகள் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் பயனில் உள்ளன. மான் போன்ற பெரிய உடல்களுக்காக அமைக்கப்பட்டவை என்பதாலும், விலையாலும், அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். வேகத்தடை வாகனத்தை மெதுவாக்கும் என்பதில் ஐயமில்லை. 50 கிலோமீற்றர் வேகம் 40 ஆகக் குறைந்தாலே, பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் குறைகிறது. எனினும் இரவில் லொறி குதிக்கும் ஓசையையும் நனைந்த வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்குவதையும் எண்ணி, தடையை ஒட்டி வீடுள்ளவர்கள் மறுத்துவிட்டார்கள்.

எனவே முதலில் மஞ்சள் நிற நிரந்தரப் பலகையை நட்டோம். இரண்டு மாதம் கழித்து, நாள்தோறும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் முச்சக்கரவண்டிக்காரரிடம் அதில் என்ன படம் இருக்கிறது என்று கேட்டேன். சற்று யோசித்து, "மான்தானே, அண்ணே?" என்றார். படத்தில் இருந்ததோ கபரகொய்யா. அவரைக் குறை சொல்ல முடியாது. நூறு முறை கடந்தும் ஒரு விலங்கையும் காணாதவருக்குப் பலகையும் மின்கம்பமும் ஒன்றுதான். ஹபரணை வீதியில் யானைப் பலகையைக் கண்டதும் சாரதிகள் கால் தளர்த்துகிறார்கள் என்றால், அங்கே யானையையே நேரில் பார்த்திருக்கிறார்கள் என்பதே காரணம் என நினைக்கிறேன்.

என் வாக்கு மடக்குப் பலகைக்கே. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மான்கள் இடம்பெயரும் பருவத்தில் மட்டும் விளக்குடன் தற்காலிகப் பலகை வைத்துப் பார்த்தபோது மோதல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2004இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. எங்களிடம் விளக்கு இல்லை. ஒளி திருப்பும் தாள் ஒட்டிய தகரப் பலகைதான். மழை பெய்து கால்வாய் உயர்ந்த மாலைகளில் மட்டும் காவலாளி அதை வீதியோரம் விரித்து வைத்து, காலை ஆறு மணிக்குள் எடுத்துவிட வேண்டும்.

இதன் பலமும் பலவீனமும் இந்தப் பராமரிப்பில்தான் இருக்கின்றன. நேற்று இல்லாதது இன்று நிற்பதால்தான் கண் அதில் தங்குகிறது. முதல் வாரம் என் பல்கனியிலிருந்து பார்த்தால், பலகையை நெருங்கும் வாகனங்களின் பின்விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பிறகு காவலாளி ஊருக்குப் போன ஒன்பது நாட்கள் எவரும் பலகையை எடுக்கவில்லை. ஆறாம் நாளளவில் அந்தச் சிவப்பு அரிதாகிவிட்டது. மழையில்லா மாலைகளிலும் பலகை நின்றதல்லவா? உள்ளே எடுத்து இரண்டு வாரம் விட்டு மீண்டும் வைத்தபோதுதான் பிரேக் பிடிப்பது திரும்பியது.

ஒரேயொரு மழைப் பருவத்தைத்தான் பார்த்திருக்கிறோம். வேகத்தைக் கருவியால் அளக்கவும் இல்லை. மடக்குப் பலகை வந்த பின் இரண்டு கபரகொய்யாக்கள் மட்டுமே அடிபட்டன என்றாலும், அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து வெற்றி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. காவலாளி விடுமுறையில் இருக்கும் நாட்களில் பலகையை எடுப்பது இப்போது என் பொறுப்பு; இதுவரை இரண்டு காலை தவறவிட்டிருக்கிறேன்.