மதுரையில் நான் போன எஸ்எஸ்சி ஆங்கில வகுப்பு

மத்திய அரசு வேலைக்கு எஸ்எஸ்சி (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு மட்டும் 25 கேள்வி, 50 மதிப்பெண், ஒரு தப்புக்கு அரை மதிப்பெண் போய்விடும், தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு அதுதான் பெரிய பயம். இங்கே மரபுத்தொடர் நடத்தும் விதம் அருமை. 'கோல்ஸ் டு நியூகாசில்' என்று பலகையில் எழுதிவிட்டு, நியூகாசில் ஒரு காலத்தில் நிலக்கரிக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர், அங்கே போய் நிலக்கரி கொண்டுபோனால் எப்படி, நம்ம கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான் என்றார் சார். இன்றுவரை மறக்கவில்லை. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று வந்தால் 'அத்தி பூத்தாற்போல்' என்பார்.

இலக்கணம்தான் ஏமாற்றம். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' பின்னால் 'இஸ்' வரும், 'ஆர்' வராது, சரி, ஏன் என்று கேட்டால் அப்புறம் பார்ப்போம் என்கிறார்கள். மாதிரித் தேர்வுத் தாள் திருத்தி வர இரண்டு வாரம். பிழை கண்டுபிடிக்கும் பகுதிக்குப் பழைய வினாத்தாள்களை வீட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள்.