ஜிங்க் பாட்டுக்கு (உருகின ஜிங்க் இருக்கிற தொட்டிக்கு) செராமிக் புஷ்: எட்டு மாசம் ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்

சிங்க் ரோல் புஷ் மாத்தி மாத்தி நொந்து போனவங்களுக்குத் தான் இது, மத்தவங்க தாண்டிப் போயிடுங்க. நான் கால்வனைசிங் லைன் (இரும்புத் தகட்டுக்கு ஜிங்க் பூசுற லைன்) மெயின்டனன்ஸ்ல இருக்கேன். வெண்டர் பேரு கேக்காதீங்க, சொன்னா எனக்குத் தான் வம்பு.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. தகடு ஃபர்னஸ்ல இருந்து நேரா 460 டிகிரி ஜிங்க்குக்குள்ள இறங்கி, உள்ள கிடக்கிற சிங்க் ரோல சுத்திட்டு மேல ஏறும். (ஜிங்க்குக்குள்ள சிங்க்கு, புதுசா வர்ற பசங்க ஒரு வாரம் குழம்புவானுங்க.) எங்க லைன்ல அந்த ரோலுக்கு மோட்டார் கிடையாது, தகடு இழுக்கிற இழுப்புலயே சுத்தியாகணும். ரெண்டு நுனியும் புஷ்ஷுக்குள்ள, அதாவது ரோல தாங்குற வளையத்துக்குள்ள உக்காந்திருக்கு, பால் பேரிங்கு கிரீஸெல்லாம் நெனச்சே பாக்க முடியாது, உருகின ஜிங்க் தான் எண்ணெய், அதுவும் தண்ணிய விட மூணு நாலு மடங்கு தான் கெட்டி, அதுல உரசல தடுக்கிற படலம் எங்க நிக்கும்.

இன்னொண்ணு, புஷ் தேயுறது அடியில இல்ல, மேல் பக்கம். ஸ்டீல் அடர்த்தி 8 கிட்ட, உருகின ஜிங்க் 6.6, முங்குன உடனே ரோல் எடை பெரும்பாலும் போயிடுது, தகடு ரெண்டு பக்கமும் மேல இழுக்குது, ரோல் போய் புஷ்ஷோட தலையில ஒட்டிக்கும். கழட்டின பழைய புஷ்ஷ பாத்தா மேல் பக்கம் மட்டும் பிறை நிலா மாதிரி குடைஞ்சிருக்கும், கீழ் பாதி புதுசு மாதிரியே இருக்கும். அதனால நாங்க திருப்பிப் போட்டு இன்னொரு ரவுண்டு ஓட்டுவோம்.

இதுவரைக்கும் எல்லாமே ஸ்டெல்லைட் 6 (கோபால்ட் கலந்த உலோகம்) தான், ரோல் நுனி மேல மாட்டுற ஸ்லீவும் அதே புஷ்ஷும் அதே. நல்ல மெட்டல், குறை சொல்ல மாட்டேன். ஆனா பாட்ல கொஞ்சூண்டு அலுமினியம் இருக்குல்ல, அது தகட்டுல இருந்து கரையுற இரும்போட சேந்து ட்ராஸ் ஆகுது, ஸ்டெல்லைட்ட விட ரொம்ப கடினமான துகள், சந்துக்குள்ள பூந்தா உப்புத்தாள் வச்சு தேய்க்கிற கதை தான். போதாததுக்கு அதே அலுமினியம் ஸ்டெல்லைட்ல இருக்கிற கோபால்ட்டையும் அரிச்சிடும். கிளியரன்ஸ் (புஷ்ஷுக்கும் ஸ்லீவுக்கும் நடுவுல இருக்கிற சந்து) ஏறினா ரோல் ஆடும், தகடு ஏர் நைஃப் (அதிக ஜிங்க்க காத்தால வழிச்சு விடுறது) முன்னாடி படபடக்கும், கோட்டிங் வரி வரியா விழும், குவாலிட்டில இருந்து போன் வரும்.

இப்ப வாங்குனது 316எல் ஸ்டெயின்லெஸ் ஹவுசிங்ல (வெளிக்கூடு) சியாலான்ங்கிற செராமிக் துண்டு மூணு பதிச்ச புஷ். விலை பழசு மாதிரி மூணு மடங்கு, பர்ச்சேஸ்ல சைன் வாங்கறதுக்குள்ள தாவு தீந்துடுச்சு. ஜிங்க் இதுல ஒட்டவே மாட்டேங்குது, அரிப்பு கண்ணுக்குத் தெரியல. துண்டுக்கு நடுவுல விட்டிருக்கிற பள்ளம் வழியா ட்ராஸ் வெளிய போயிடுது, எனக்கு ரொம்பப் பிடிச்சது அது தான். முன்னாடி பத்து பன்னெண்டு நாள்ல ரிக்க (ரோல தாங்குற சட்டத்த) தூக்குவோம், இப்ப மூணு வாரம் தாண்டுது.

ஆனா தேய்மானம் எங்கயும் காணாம போயிடல, இப்ப ஸ்லீவ் தேயுது. எனக்கு அது ஓகே, ஏன்னா புஷ் ஒரே எடத்துல அடி வாங்கும், ஸ்லீவ் சுத்துறதால சுத்தி வர சமமா தேயும், வட்டம் கெடாது, மாத்துறதும் சல்லிசு. சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ மட்டும் போட்றாதீங்க, சீக்கிரமே தேஞ்சு போயிடும்.

இனி புலம்பல். முதல் செட்டுல ஒரு துண்டு விரிசல் விட்டுச்சு, தப்பு எங்க மேல தான். லைன நிறுத்தி வச்சிருக்கோம்னு எல்லாரும் கத்துறாங்க, பிரீஹீட்ட (இறக்குறதுக்கு முன்னாடி சூடாக்குறத) பாதியிலயே முடிச்சு ரிக்க இறக்கிட்டோம். ஸ்டெல்லைட் அதையெல்லாம் பொறுத்துக்கும், செராமிக் பொறுக்காது. ரெண்டாவது தடவ வெளிய தூக்கினப்ப சந்துல ஜிங்க் ஒறஞ்சு ரோல் கெட்டியா புடிச்சுக்கிச்சு, ஹெல்பர் வழக்கம் போல சம்மட்டிய தூக்கிட்டு வந்தான். "தம்பி, அத கீழ வைப்பா!"னு நான் ஓடுறதுக்குள்ள ஒரு அடி விழுந்துருச்சு, ஓரம் சில்லு பேந்து போச்சு. இப்ப பர்னர் வச்சு 420க்கு மேல சூடாக்கி ஜிங்க்க வழிய விட்டு தான் கழட்டுறோம், அரை ஷிஃப்ட் போகுது.

வெண்டர் மேலயும் ஒரு கோபம் இருக்கு. ஹவுசிங் ஸ்டெயின்லெஸ் விரியுற அளவுல சியாலான் ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு தான் விரியும், ஹவுசிங் சூடாகி பெருசாகும்போது துண்டு லூசாகும்னு அவங்களுக்குத் தெரியாதா? முதல் செட்டுல அந்த வித்தியாசத்த கணக்குல சேக்கவே இல்ல, ஓட்டத்துல கடகடனு சத்தம். போன் போட்டா "உங்க அலைன்மென்ட் பாருங்க சார்"னு ஒரே பாட்டு. நாலு மெயிலுக்கு அப்புறம் தான் டேப்பர் வெட்ஜ் (சரிவான ஆப்பு) வச்ச டிசைன் வந்துச்சு, அதுல இருந்து சத்தம் இல்ல.

அஞ்சுக்கு நாலு கொடுக்குறேன், மத்த ஒண்ணு அந்த "அலைன்மென்ட்" பதிலுக்காக கட். சிங்க் ரோலுக்கு தைரியமா போடலாம், ஸ்டேபிலைசர் ரோலுக்கு (தகடு ஆடாம பிடிக்கிற சின்ன ரோல்) எனக்குத் தேவைப்படல, அங்க இன்னும் ஸ்டெல்லைட் தான் ஓடுது. சில்லு பேந்த துண்ட தூக்கிப் போட மனசு வரல, டேபிள்ல பேப்பர் பறக்காம இருக்க வச்சிருக்கேன், இவ்ளோ காஸ்ட்லி பேப்பர் வெயிட் எங்க எம்டி கிட்ட கூட கிடையாது.