மதர்போர்டு வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கட்டடக்கலை படிக்கும் மகளுக்காக, கடந்த மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கினேன். ஐ5 12400 பிராசசர், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான பி760 மதர்போர்டு, இரண்டு டிடிஆர்5 ரேம், ஒரு கிராபிக்ஸ் கார்டு. மதர்போர்டுப் பெட்டியின் சீல் பிரிந்திருந்தது. கேட்டதற்கு, “பயாஸ் அப்டேட் செய்து வைத்திருக்கிறோம் சார், இல்லையென்றால் இந்தப் பிராசசரை எடுக்காது” என்றார் கடைக்காரர். பயாஸ் என்பது போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள். நம்பிவிட்டேன். 12400 வெளிவந்தது 2022 ஜனவரியில். பி760 அதற்கு ஓராண்டு கழித்துத்தான் வந்தது. அந்தப் பிராசசருக்காக அந்தப் போர்டில் எந்த அப்டேட்டும் செய்யத் தேவையில்லை. இதை நான் தெரிந்துகொண்டது பிறகுதான்.

வீட்டில் பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டேன். மின்விசிறிகள் சுழன்றன, டிஸ்ப்ளே வரவில்லை. போர்டில் ரேமுக்கான சிறு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. டிடிஆர்5 முதல் முறை எழுந்துவரச் சில நிமிடங்கள் எடுக்கும் என்பதால் கால் மணி நேரம் காத்திருந்தேன். போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் இணைப்பையும் பிராசசருக்கான 8 பின் இணைப்பையும் கழற்றி மாட்டினேன். கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு மானிட்டரை நேராகப் போர்டிலேயே செருகினேன். ஒற்றை ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பார்த்தேன். போர்டில் இருக்கும் சிறு பேட்டரியைக் கழற்றி வைத்தேன். கடைசியில் போர்டைக் கேபினட்டிலிருந்தே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டினேன். மூன்று இரவுகள் போயின.

மூன்றாம் இரவு பிராசசரைத் தூக்கிவிட்டு, அது உட்காரும் சாக்கெட்டின் மேல் செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தேன். பிராசசரைப் போர்டோடு இணைக்கும் 1700 ஊசிகள் ஒரே சீராக நிற்க வேண்டிய இடத்தில், ஒரு மூலையில் நான்கு ஊசிகள் மட்டும் வேறு பக்கம் சாய்ந்திருந்தன. என் கைதான் செய்துவிட்டது என்றே நினைத்தேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் பெட்டியை எடுத்து வைக்கும்போதுதான் கவனித்தேன்: பெட்டியில் இருந்த சீரியல் எண் வேறு, போர்டில் ஒட்டியிருந்த எண் வேறு.

சர்வீஸ் சென்டரில் போர்டின் எண்ணைத் தட்டிப் பார்த்தார்கள். அதே போர்டு ஊசி வளைந்த நிலையில் முன்பே ஒருமுறை வந்து, வாரண்டி மறுக்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. யாரோ திருப்பிக் கொடுத்த பழுதான போர்டைப் புதிது என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கடைக்காரரோ, “நீங்கள்தான் வளைத்திருப்பீர்கள் சார்” என்பதற்கு மேல் பேசவில்லை. பில்லில் சீரியல் எண் எழுதப்படாததே அவருக்குத் துணை. அதை நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

நீங்கள் வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை அவரே கழற்றட்டும். ஊசிகளை அங்கேயே படம் எடுங்கள். பெட்டி, போர்டு, பில் மூன்றிலும் ஒரே சீரியல் எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். “அதெல்லாம் எழுத மாட்டோம்” என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நான் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். போர்டு, பெட்டி, சர்வீஸ் சென்டர் தந்த தாள் மூன்றையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். மகள் இப்போதும் கல்லூரி ஆய்வகத்தில் இடம் பிடித்துத்தான் வரைந்துகொண்டிருக்கிறாள்.