வாங்காமலே திட்டியவன்: 'நோ மேன்ஸ் ஸ்கை'யுடன் ஏழு ஆண்டுகள்

'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி வீடியோ விளையாட்டை நான் 640 மணி நேரம் ஆடியிருப்பதாக, கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் என் கணக்கு காட்டுகிறது. பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், ஒரு கோள். இதற்கு நான் காசு கொடுத்தது ஒரே முறை, 2018 ஜூலையில், அதுவும் தள்ளுபடியில். ஆனால் 2016இல் இதை வறுத்தெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அப்போது நான் இதை வாங்கியிருக்கவே இல்லை.

அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. இதை உருவாக்கிய, இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் ஹலோ கேம்ஸ் சின்ன நிறுவனம். 64 இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் கோள்கள் என்று அறிவித்திருந்தார்கள். இன்னொரு ஆட்டக்காரரைச் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் உண்டு என்று நிறுவனர் ஷான் மர்ரே பேட்டிகளில் சொல்லியிருந்தார். ஆகஸ்டில் வெளியான முதல் நாளே இரண்டு பேர் ஒரே கோளில் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. 60 டாலர் கொடுத்தவர் "சொன்னது எங்கே?" என்று கேட்டால் அதில் தப்பே இல்லை.

ஆனால் அதற்கு முன்பே, ஜூனில் வரவேண்டியது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனதற்கே மர்ரேவுக்குக் கொலை மிரட்டல் வந்திருந்தது. தாமதச் செய்தியை வெளியிட்ட பத்திரிகையாளரையும் விடவில்லை. முன்னோட்டத்தில் பறந்த பட்டாம்பூச்சிகள் விளையாட்டில் இல்லை என்றும் ஒரு மிரட்டல்! பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்கு 23 புகார்கள் போயின. விசாரித்துவிட்டு, விளம்பரம் ஏமாற்றும்படி இல்லை என்று 2016 நவம்பர் இறுதியில் தீர்ப்புச் சொன்னார்கள். ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால்தான் பணம் திரும்பும் என்பது விதி. ஐம்பது மணி நேரம் ஆடி முடித்துவிட்டு முழுப் பணத்தையும் கேட்டவர்களும் உண்டு. பந்தியில் பாயசம் வரை முடித்துவிட்டு இலையைத் திருப்பிக் கொடுக்கிற கதைதான்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். தெரியாத கோளில், உடைந்த கப்பலோடு கண் விழிப்பீர்கள். பாறையை உடைத்து, செடியை அறுத்து, கப்பலைச் சரிசெய்து முதல்முறை மேகத்தைக் கிழித்துக்கொண்டு விண்வெளிக்குப் போகும் அந்த நிமிடம் இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை. கெக், கார்வாக்ஸ் போன்ற வேற்றினத்தாரின் மொழியை ஒவ்வொரு சொல்லாகத்தான் கற்க முடியும். பாதி புரிந்து பாதி ஊகித்துப் பேரம் பேசுவதில் ஒரு தனி சுகம். 'அனாமலி' என்ற பொது நிலையத்தில் முகம் தெரியாத ஒருவர் விலையுயர்ந்த பொருளை என் பையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பறந்துபோவார். இப்போது நானும் புதியவர்களுக்கு அதையே செய்கிறேன். வேகமான சண்டை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. முதல் பத்து மணி நேரம் பொறுமை வேண்டும்.

வெளியான பிறகும் அப்டேட்கள் நிற்கவில்லை: 2016 நவம்பரில் தளம் கட்டும் வசதி, 2018இல் பலர் ஒருவரையொருவர் பார்த்துச் சேர்ந்து ஆடும் உண்மையான முறை, 2019இல் கண்ணில் கருவி மாட்டி ஆடும் விஆர், அப்புறமும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாமே இலவசம். ஸ்டீமில் ஒரு காலத்தில் படுமோசம் என்றிருந்த மதிப்பீடு 2024இல் 'மிகவும் நல்லது' என்று மாறியது.

எனக்கு இது நல்ல பழக்கம் ஒன்றும் கற்றுத்தரவில்லை. 2024இல் மீன்பிடிப்பு வந்தபோது "இதை யார் கேட்டார்கள்?" என்று நண்பர்கள் குழுவில் ஆத்திரமாக எழுதினேன். எழுதிவிட்டு மூன்று வாரம் மீன்தான் பிடித்தேன். கல்லூரிக்குப் போகும் தம்பி, ஒவ்வொரு அப்டேட் வரும்போதும் "இந்தத் தடவை என்ன குறைண்ணா?" என்று கேட்கிறான்.

இதே நிறுவனம் 2023 டிசம்பரில் 'லைட் நோ ஃபயர்' என்ற அடுத்த விளையாட்டை அறிவித்தது. மாதம் ஒருமுறையாவது அதன் கடைப் பக்கத்தைத் திறந்து, "இன்னும் எவ்வளவு நாள்தான் இழுப்பார்கள்?" என்று முணுமுணுக்கிறேன். அதற்கும் நான் இன்னும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.