கோதுமையை நிறுத்துவதா, முதலில் ரத்தப் பரிசோதனை செய்வதா?

"இப்போது கோதுமை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார் மருத்துவர். "நிறுத்தி ஒன்பது வாரம் ஆகிறது, டாக்டர்" என்றேன், பாராட்டுக் கிடைக்கும் என்ற நினைப்பில். எழுதிக்கொண்டிருந்த பரிசோதனைச் சீட்டை அவர் மேசை மேலேயே வைத்துவிட்டார். "அப்படியானால் சீலியாக் நோய்க்கான இந்தச் சோதனையை இன்றைக்கு எடுத்துப் பயனில்லை. மறுபடி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்."

எட்டு ஆண்டு வயிற்று உப்புசம், நேரங்காலம் பார்க்காமல் கழிவறைக்கு ஓட்டம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இடைவாரைத் தளர்த்தும் பழக்கம். இத்தனைக்கும் பிறகு கோதுமையைச் சந்தேகித்தேன். சந்தேகத்தில் தவறில்லை, வரிசையில்தான் தவறு. என்னைப் போன்றவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கிலும் கால் வைத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதல் வழி, யாரையும் கேட்காமல் நிறுத்துவது. செலவில்லை. சோறும் தோசையும் புட்டும் இடியாப்பமும் இருக்கும் வீட்டில் பெரிய சிரமமும் இல்லை. எனக்கு இரண்டாம் வாரத்திலேயே வயிறு இலேசானது. ஆனால் நான் நிறுத்தியது எதை? காலையில் காயா ரொட்டி, சிங்கப்பூர்த் தேக்காவில் பரோட்டா, இரவு வேலை முடிந்து மீ கோரிங் என்ற வறுத்த நூடல்ஸ். அவற்றோடு எண்ணெயும் போயிற்று, வெங்காயம் போயிற்று, பரோட்டாவுக்குத் துணையாக வரும் தேத்தாரிக் தேநீரின் பாலும் போயிற்று. திருடன் யாரென்று தெரியாமல் தெருவையே காலி செய்துவிட்டு, களவு நின்றது என்று மகிழ்ந்த கதைதான்.

இதன் பெரிய கேடு வேறு. சீலியாக் என்பது ஒவ்வாமை இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும் நோய். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்வரைதான் அந்தத் தாக்குதலின் தடயம் ரத்தத்தில் இருக்கும். நிறுத்தினால் அந்தத் தடயமான எதிர்ப்பொருள்கள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். நோய் இருப்பவருக்கும் சோதனை 'இல்லை' என்று சொல்லக்கூடும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், நாளுக்கு ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் சாப்பிட வேண்டும் என்கிறது. ஒன்பது வாரம் நன்றாக இருந்த வயிற்றுக்கு, பிடிவாதமாக ஆறு வாரம் ரொட்டி ஊட்டிய தண்டனையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் வழி, காசு கொடுத்துச் செய்துகொள்ளும் உணவு ஒவ்வாமைச் சோதனை. அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகள், சிவப்பு மஞ்சள் பச்சை அட்டவணை. ஒரு மாத மளிகைக் காசு போயிற்று. எனக்குக் கோதுமை, முட்டை, முந்திரி, பூண்டு எல்லாமே சிவப்பு. அந்தச் சோதனை அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. ஓர் உணவை அடிக்கடி சாப்பிட்டாலே அது ரத்தத்தில் இருக்கும். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008இலேயே இதை உணவு ஒவ்வாமைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிக்கை விட்டுவிட்டது. என் அட்டவணை எங்கள் வீட்டுச் சமையலறையின் நல்ல பட்டியல், அவ்வளவுதான்.

மூன்றாவது, மருத்துவர் வழி. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்கினால், மேற்கொண்டு தேவைப்படும்போது மானியத்தோடு சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள். காத்திருக்க வேண்டும், அது உண்மை. எடுப்பது ஒரே குழாய் ரத்தம்: ஐஜிஏ வகையைச் சேர்ந்த டிடிஜி என்ற எதிர்ப்பொருளும், கூடவே மொத்த ஐஜிஏ அளவும். பின்னது எதற்கென்றால், சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு. அவர்களுக்கு முதல் சோதனை பொய்யாக 'இல்லை' என்று வரக்கூடும். 'உண்டு' என்று வந்தால் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் சில திசுத் துணுக்குகளை எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையை ஏற்கெனவே நிறுத்திவிட்டு, திரும்பச் சாப்பிடவே முடியாது என்பவர்களுக்கு மரபணுச் சோதனை ஒன்று உண்டு. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாகக் கிடையாது. இருப்பதாலேயே நோய் என்று பொருளில்லை. ஏராளமானோர் அவற்றைச் சுமந்துகொண்டு நலமாக இருக்கிறார்கள்.

இங்கே நம்மவர்கள் கேட்க வேண்டிய செய்தி ஒன்று. இந்தியாவில் 23,331 பெரியவர்களைச் சோதித்த ஆய்வொன்று 2016இல் வந்தது. வடக்கே 1.23 விழுக்காட்டினரின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருந்தது, தெற்கே 0.10 விழுக்காடுதான். மரபணுவில் பெரிய வேறுபாடு இல்லை, தட்டில்தான் வேறுபாடு: அங்கே சராசரியாக நாளுக்கு 455 கிராம் கோதுமை, நம் பக்கம் 25 கிராம். சிங்கப்பூரில் காலை ரொட்டி, மாலை பரோட்டா என்று வாழும் தமிழன் எந்தப் பக்கம் சேர்வான் என்று நான் யோசித்தது உண்டு. விடை என்னிடம் இல்லை. ஆனால் 'அதெல்லாம் வெள்ளைக்காரன் நோய்' என்று ஒதுக்க இனி மனம் வராது.

ஆறு வார ரொட்டிக்குப் பிறகு என் சோதனை 'இல்லை' என்றது. வயிறு மட்டும் பழையபடி ஊதிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான்காம் வழி.

மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ஃபாட்மேப் முறை அது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயுவாகும் சில சர்க்கரைகளை இரண்டு முதல் ஆறு வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்து, எது வம்பு செய்கிறது என்று பார்ப்பது. கோதுமையில் குளூட்டன் மட்டுமா இருக்கிறது? அந்தச் சர்க்கரை வகையைச் சேர்ந்த ஃபிரக்டானும் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் அது ஏராளம். 2018இல் நார்வேயில், சீலியாக் இல்லாமலே குளூட்டனை விலக்கி வாழ்ந்த 59 பேருக்கு, எது எதில் என்று சொல்லாமல் மூன்று வகைத் தானியக் கட்டிகளைத் தலா ஒரு வாரம் கொடுத்தார்கள். அதிகம் தொல்லை தந்தது ஃபிரக்டான் கட்டி. குளூட்டன் கட்டிக்கும் ஒன்றும் இல்லாத வெறும் கட்டிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

வெங்காயமும் பூண்டும் இல்லாத சாம்பார் என்றதும் மனைவி, "விரதச் சமையல்தானே?" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பொறி தட்டியது. தைப்பூச விரத நாள்களில் வெங்காயம் பூண்டு கிடையாது. இரவில் இரண்டு சப்பாத்தி உண்டு. அந்த வாரங்களில் எனக்கு வயிற்றைப் பற்றிய நினைவே வராது. முருகன் அருள் என்று அம்மா சொல்லுவார், நானும் மறுத்ததில்லை. சப்பாத்தி அப்போதும் வயிற்றுக்குள்தானே போயிற்று? இது கூட்டல் கணக்கு மாதிரி. இரண்டு சப்பாத்தி தாங்கும். அதே மாவு பரோட்டாவாகி, கைப்பிடி சின்ன வெங்காயம் போட்ட குழம்பில் ஊறி வந்தால் தாங்காது.

குறை இல்லையா? நிறைய. நம் சமையலில் பருப்பும் அந்தப் பட்டியலில் நிற்கிறது. உணவியல் நிபுணர் துணையில்லாமல் தொடங்கினால் ஆறு வாரம் ஆறு மாதமாகி, ஆள் சோற்றிலும் ரசத்திலும் உயிர்வாழும் நிலை வரும். இந்த முறையை முதலில் பிடித்துக்கொள்பவர்களுக்கும் என் கதிதான் நேரும்: கோதுமையும் கூடவே குறைந்து, ரத்தப் பரிசோதனை மங்கிவிடும். ஆகவே என் தீர்ப்பு, மூன்றாவதை முடித்துவிட்டு நான்காவது. எடை குறைகிறது, ரத்தசோகை இருக்கிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது, ஐம்பதைத் தொட்ட பிறகு புதிதாக மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கிறது என்றால் இந்த அலசலையே மூடிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு விடைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அலுவலக நண்பர் ஒருவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பஞ்சாபி. தீராத ரத்தசோகைக்குச் சிகிச்சை பார்க்கப் போய் சீலியாக் என்று தெரிந்தவர். நான் பரோட்டா தின்றால் ஒரு மாலை கெடும். அவருக்குத் துணுக்கு மாவு போதும், வலி தெரியாமலே குடல் கெடும். உணவங்காடியில் அவரோடு நின்றபோதுதான் தோசைக் கல்லை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரே கல்லின் இடப்பக்கம் பரோட்டா, வலப்பக்கம் தோசை, இரண்டையும் புரட்டுவது ஒரே கரண்டி. எனக்கு அந்தத் தோசை தோசைதான். அவருக்கு இல்லை. சோயா சாஸிலும் கோதுமை, மால்ட் பானங்களில் பார்லி. சிங்கப்பூரில் பொட்டலமிட்ட உணவுகளில் குளூட்டன் உள்ள தானியத்தை அட்டையில் குறிப்பிட்டாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால் பேரங்காடியில் அவர் பிழைத்துக்கொள்கிறார். கோப்பிக்கடையில் யாரும் அட்டை ஒட்டுவதில்லை.

சென்ற மாதம் அவரைக் குடும்பத்தோடு சாப்பிட அழைத்தோம். மெனு எளிது என்று நினைத்தோம்: சோறு, வெங்காயமில்லாத சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். வெங்காயத்தின் குறையை ஈடுகட்ட மனைவி பெருங்காயத்தைச் சற்றுத் தாராளமாகப் போடுவாள். டப்பாவைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். கூட்டுப் பெருங்காயம், உள்ளே கோதுமை மாவு.

அடுப்பில் பருப்பை வேகவிட்டுவிட்டு முஸ்தபா பேரங்காடிக்கு ஓடினேன். அரிசி மாவு கலந்த ஒன்று மூன்றாவது அடுக்கில் கிடைத்தது.