46 வயதில் புள்ளியியல்: எட்டு மாதம், ஐந்தாறு செயலிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆசிரியர் இல்லை, கணினித் துறைக்காரனும் இல்லை. வேலையில் தினமும் அட்டவணைகளைப் பார்க்கிறவன், பிறர் போட்டுத் தருகிற வரைபடங்களுக்குத் தலையாட்டியே காலத்தை ஓட்டியவன். ஒருநாள் கூட்டத்தில் யாரோ "இந்த வித்தியாசம் நிஜமா, இல்லை தற்செயலா வந்ததா?" என்று கேட்க, எல்லோரும் என் முகத்தைப் பார்க்க, நான் திரையைப் பார்த்தேன். அன்றைக்கு முடிவு செய்ததுதான் புள்ளியியல் படிப்பது என்று. வகுப்பில் போய் உட்கார நேரமில்லை. இருந்ததெல்லாம் ஒரு கைப்பேசி, ஒரு பழைய மடிக்கணினி, இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம். கைப்பேசியில் ஏற்கெனவே கிடக்கிற சமூக ஊடகங்களை வைத்தே படித்துவிடலாமே என்று ஆரம்பித்தேன். அதில் எது உதவியது, எது நேரத்தைத் தின்றது என்பதுதான் இந்த விமர்சனம்.

யூடியூப்பில் தொடங்காதவர் யார்? நானும் அங்கேதான் தொடங்கினேன். பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. கான் அகாடமியின் சின்னச் சின்னப் பாடங்கள் இருக்கின்றன, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வகுப்பறையில் எடுத்த முழுநீளப் பாடங்கள் இருக்கின்றன (தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப் போவதாக எம்.ஐ.டி. அறிவித்தது 2001-ல், யூடியூப் பிறப்பதற்கே நான்கு வருடம் முன்னால்). வேகத்தை இரண்டு மடங்கு வரை கூட்டலாம், குறைக்கவும் செய்யலாம். நான் பெரும்பாலும் 0.75-ல்தான் ஓட்டினேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கணினியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: ஜே விசையைத் தட்டினால் பத்து நொடி பின்னால் போகும், எல் தட்டினால் பத்து நொடி முன்னால், கே தட்டினால் நிற்கும். எனக்கு ஜே விசையின் எழுத்தே தேய்ந்துவிட்டது.

ஆனால் மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகப் பார்த்த பிறகு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நானாக ஒரு கணக்கைப் போட உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது, சத்தியமாகப் புரிந்தது. அப்புறம்தான் தெரிந்தது, புரிந்தது எனக்கல்ல, காணொளியில் இருந்தவருக்கு. ரோடிகர், கார்ப்பிக்கே என்று இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்தபோது, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். மூன்று வாரமாக நான் அந்த ஐந்து நிமிடத் தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். "பின்னர் பார்க்க" பட்டியலில் இப்போது 212 காணொளிகள் இருக்கின்றன. நான் பார்க்கப் போவதில்லை என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும். தானாக அடுத்ததை ஓட்டும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பாடம் சொல்லிக் கொடுக்க யூடியூப்புக்கு நிகர் இல்லை. ஆனால் நீங்கள் கற்றுக்கொண்டீர்களா என்று அது கேட்கவே கேட்காது.

அதைவிட மோசம் ஒரு நிமிடக் காணொளிகள். எந்தத் தளம் என்பது முக்கியமில்லை, எல்லாவற்றிலும் இதே கதைதான். 'பி மதிப்பு' என்று புள்ளியியலில் ஒன்று உண்டு, கூட்டத்தில் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுவதே அதில்தான் தொடங்கும். "பி மதிப்பு 0.05 வந்தால் உங்கள் கருத்து 95 சதவீதம் உண்மை" என்று ஒருவர் பின்னணி இசையோடு அடித்துச் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன், இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். அது தப்பு. ஒரு கருத்து உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பி மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-ல் ஒரு அறிக்கை போட்டிருக்கிறது, இந்தக் குழப்பம் அவ்வளவு பரவியது. வித்தியாசம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட எண்கள் வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. இரண்டும் ஒன்று போலத்தான் காதில் விழும். அதை ஒரு நிமிடத்தில் சொல்ல முடியாது, சொன்னால் விருப்பக் குறி விழாது.

சரி, இனி நான் முழி பிதுங்கிய கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற செயலிகளை எல்லாம் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன். மூன்று எண்கள்: 2, 4, 9. திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு, கண்டுபிடிக்க வேண்டும். சராசரி 5. விலகல்கள் கழித்தல் 3, கழித்தல் 1, கூட்டல் 4. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 26. மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.94. எக்செல்லிலும் அதே 2.94. ஆனால் பாடத்தின் விடை 3.61. நாலு முறை போட்டுப் பார்த்தேன். பாடத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டால் வகுத்திருக்கிறார்கள், எக்செல்லில் நான் எஸ்டிடெவ்.எஸ் (கூறுக்கான, அதாவது பெரிய தொகுதியிலிருந்து எடுத்த சில எண்களுக்கான சூத்திரம்) போட வேண்டிய இடத்தில் எஸ்டிடெவ்.பி (முழுத் தொகுதிக்கானது) போட்டிருக்கிறேன் என்பது வரை நானே துப்பறிந்துவிட்டேன். ஏன் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும்? மூன்று எண்கள் இருக்கின்றன, மூன்றால் வகுப்பதுதானே நியாயம்?

முதலில் வாட்சப்பில் கேட்டேன். கூடப் படிக்கிற பதினோரு பேர் கொண்ட குழு. வாட்சப்பின் பலம், யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குரல் பதிவு அனுப்பலாம், விடைத்தாளைப் படம் பிடித்துப் போடலாம், முக்கியமானதற்கு நட்சத்திரம் குத்தி வைக்கலாம், தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ளலாம் (என் குறிப்பேடு இப்போது அதுதான்). ஆனால் அரட்டை என்பது ஆறு. ஒன்பது ஐம்பதுக்கு என் கேள்வி போனது, பத்து மணிக்குள் ஒரு பிறந்தநாள், பதினைந்து கேக் படம், கேள்வி கரை ஒதுங்கிவிட்டது. இதில் செயலியின் குற்றம் எதுவும் இல்லை, கேக் படம் போட்டவர்களில் நானும் ஒருவன். பரீட்சை தேதி, சந்திப்பு நேரம், "இன்றைக்குப் படித்தாயா?" என்ற விசாரிப்பு இதற்கெல்லாம் வாட்சப் போதும். ஒரு கேள்வியை நாலு நாள் உயிரோடு வைத்திருக்க அது ஆகாது.

டெலிகிராம் கோப்புகளுக்கு அருமை. ஒரு கோப்பு 2 ஜிபி வரை ஏற்றலாம், குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம், புதிதாக வருகிறவர் பழைய உரையாடலைப் படிக்கும்படியும் குழுவை அமைக்கலாம். எனக்குப் பிடித்தது வினாடி வினா வசதி: நாலு விடை கொடுப்பார்கள், தப்பாகத் தொட்டால் அப்போதே ஏன் தப்பு என்று விளக்கம் வரும். காலையில் தேநீருக்கு முன்னால் இரண்டு கேள்வி என்று ஒரு மாதம் ஓட்டினேன், நன்றாகவே இருந்தது. ஆனால் பல்லாயிரம் பேர் இருக்கிற கூட்டத்தில் கேள்வி கேட்பது திருவிழாவில் தொலைந்த செருப்பைத் தேடுவது போலத்தான். எல்லோரும் புத்தகப் பிடிஎஃப் கேட்கிறார்கள், யாரும் புத்தகம் படிப்பதாகத் தெரியவில்லை.

இடையில் ஒரு ஏமாற்றும் நடந்தது, எந்தச் செயலியில் என்று சொல்லப் போவதில்லை. குழுவில் இருந்த ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார், மரியாதையாகப் பேசினார், ஆறு வாரம் நேரடி வகுப்பு, முடிவில் சான்றிதழ் என்றார். பணம் கட்டினேன். இரண்டு வகுப்பு நடந்தது. மூன்றாவது வாரம் அந்தக் கணக்கே இல்லை. பெரிய தொகை இல்லை, ஆனால் இந்த வயதில் இப்படி ஏமாந்தேனே என்று வீட்டில் சொல்லவே பத்து நாள் ஆனது. பொதுவில் எல்லோர் கண் முன்னால் பதில் சொல்லாமல் தனியாக வந்து பேசுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

டிஸ்கார்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 2015-ல் கணினி விளையாட்டுக்காரர்களுக்காக வந்த அரட்டைச் செயலி அது, முதல்முறை திறந்தபோது தெரியாத கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது போல இருந்தது. இடது பக்கம் பூராவும் அறைகள், எங்கே பார்த்தாலும் சிவப்புப் புள்ளி, எல்லோருக்கும் விசித்திரமான புனைபெயர். முதல் வாரம் மூடிவிட்டு ஓடிவிட்டேன். மகள்தான் உட்கார்ந்து, எல்லா அறிவிப்பையும் அணைத்து, எனக்கு வேண்டிய மூன்று அறைகளை மட்டும் விட்டுக் கொடுத்தாள். "அப்பா, மத்ததெல்லாம் இல்லைன்னு நினைச்சுக்கோங்க" என்றாள். இதை யாராவது உங்களுக்கும் செய்து கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அங்கே மன்றம் என்று ஒரு வகை அறை உண்டு, ஒவ்வொரு கேள்வியும் தனித் தலைப்போடு தனியாக நிற்கும். கேக் படம் வந்து அடித்துக்கொண்டு போகாது. நான் சேர்ந்த குழுவில் ஒரு விதி: என்ன செய்து பார்த்தீர்கள், என்ன வந்தது, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், இந்த மூன்றையும் எழுதினால்தான் பதில். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் எழுத எழுதவே என் குழப்பம் பாதியாகக் குறைந்தது.

மறுநாள் ஒருவர் பதில் போட்டார். என் மகள் வயதுதான் இருக்கும், எழுத்திலிருந்து தெரிந்தது. "உங்கள் மூன்று விலகல்களையும் கூட்டிப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். கூட்டினேன், பூஜ்யம். எப்போதும் பூஜ்யம்தான் வரும். அப்படியென்றால் இரண்டு தெரிந்தாலே மூன்றாவது என்ன என்று சொல்லிவிடலாம், சுதந்திரமாக இருப்பது இரண்டுதான். சரி, அதனால் என்ன என்று திரும்பக் கேட்டேன். இன்னொருவர் வந்தார்: "முழுத் தொகுதியின் உண்மையான சராசரி உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அளப்பது 5-லிருந்து, அந்த 5 இதே மூன்று எண்களிலிருந்து பிறந்தது. 6-லிருந்து அளந்து பாருங்கள்." அளந்தேன்: 16, 4, 9, மொத்தம் 29. 4-லிருந்து அளந்தாலும் 29. 5-ஐத் தவிர எந்த எண்ணிலிருந்து அளந்தாலும் 26-க்கு மேல்தான் வருகிறது. அதாவது கூறிலிருந்து எடுத்த சராசரி தன் எண்களோடு ஒட்டியே நிற்கும், அதனால் விலகல்கள் இருக்க வேண்டியதைவிடச் சின்னதாகவே தெரியும், அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் ஒன்று குறைத்து வகுக்கிறார்கள். ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுந்து நின்றுவிட்டேன். எத்தனையோ காணொளிகளில் "ஒன்று குறைத்து வகுக்கவும்" என்று கேட்டிருக்கிறேன், ஒன்றிலும் யாரும் என்னை 6-லிருந்து அளந்து பார்க்கச் சொல்லவில்லை.

இதே கேள்வியைக் கிராஸ் வேலிடேட்டட் என்ற புள்ளியியல் கேள்வி பதில் தளத்திலும் தேடினேன். அங்கே இது பல வருடம் முன்பே அலசித் துவைத்துக் காயப்போடப்பட்டிருக்கிறது. பதில்களின் தரத்தில் அதற்கு இணை நான் பார்க்கவில்லை, ஆனால் தொடக்கக்காரருக்குக் கொஞ்சம் மிரட்சியாக இருக்கும். சுயமாகப் படிக்கிறவர்களின் கேள்விக்குத் தனிக் குறிச்சொல் வைத்திருக்கிறார்கள், அப்படிக் கேட்டால் முழு விடை தராமல் வழி மட்டும் காட்டுவது அங்கே வழக்கம். ரெடிட் என்ற விவாதத் தளம் இதற்கும் அரட்டைக்கும் நடுவில். லிங்க்ட்இன்னில் படித்ததைவிட, படித்து முடித்ததாக அறிவித்தவர்களைப் பார்த்ததுதான் அதிகம்.

இன்னொன்று, எதிர்பார்க்கவே இல்லை. டிஸ்கார்டில் பழகிய இரண்டு பேரோடு சனிக்கிழமை சாயங்காலம் ஜூமில் சந்திக்க ஆரம்பித்தோம். இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் கூட்டம் துண்டிக்கப்படும் என்பதைக் குறையாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது அதுதான் எங்கள் மணி. ஒருவர் திரையைப் பகிர்ந்து ஒரு கணக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்ற இருவரும் "ஏன்?" என்று மட்டும் கேட்கலாம். நாற்பது நிமிடத்தில் மூன்று "ஏன்"-ஐத் தாண்டி யாரும் போனதில்லை.

மதிப்பெண் கேட்டால், பாடத்துக்கு யூடியூப் ஐந்துக்கு நாலு. பயிற்சிக்கு டெலிகிராம் மூன்று. ஆள் சேர்க்க வாட்சப் மூன்றரை. டிஸ்கார்டுக்கு நாலரை, அரை மதிப்பெண் அந்த முதல் வாரத்துக்காகக் குறைத்தது. நீங்கள் சேரும் குழு சொத்தையாக இருந்தால் இதே டிஸ்கார்டுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மன்றத்தில் புதிதாக வந்த ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார், ஏன் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும் என்று. வேறு யாரும் எழுதுவதற்குள் நான் உட்கார்ந்து 3, 8, 10 என்று மூன்று எண்களை எடுத்து, விலகல், வர்க்கம் என்று நீட்டி முழக்கி எழுதிப் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் கீழே ஒரு வரி: "சராசரி 7 இல்லையா?" நான் 6 என்று போட்டிருந்தேன்.

அழிக்கவில்லை. அடித்துவிட்டு, கீழே திருத்தி எழுதினேன்.