எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் நையின் வட்டு ஓவியம், அச்சுப் பிரதியாக: ஒரு மதிப்புரை

ஜெர்மானிய ஓவியர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் நை 1958இல் வரைந்த ‘சிவப்பிலும் நீலத்திலும் இசைவு’ என்னும் ஓவியத்தின் அச்சுப் பிரதியை ஜெர்மனியிலுள்ள ஓர் அச்சகத்திடமிருந்து தருவித்தேன். பருத்தி இழைத் தாளில் நிறமி மையால் அச்சிட்ட பிரதி இது. மூன்று அளவுகளில் விற்கிறார்கள். நீண்ட பக்கம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்தேன். சிறிய அளவின் விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. வாங்க நினைப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய அளவில் வாங்குங்கள், இல்லையேல் வாங்காதீர்கள். இது சுவரின் அழகை எண்ணிச் சொல்வதன்று. நையின் வட்டுகள் எந்த அடிப்படையில் நிற்கின்றனவோ அந்த அடிப்படையே அளவுதான்.

நை 1902இல் பெர்லினில் பிறந்தவர். 1951இல் கொலோன் நகரில் குடியேறி, 1968இல் இறக்கும்வரை அங்கேயே வரைந்தவர். 1954 முதல் 1962 வரை அவர் வரைந்தவற்றை ‘வட்டுப் படங்கள்’ என்று கலை வரலாற்றாளர்கள் அழைக்கிறார்கள். அந்த வட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் தந்த விளக்கம் மிக எளியது. தூரிகையைக் கேன்வாஸில் வைத்தால் ஒரு சிறு பொட்டு உண்டாகிறது. அதைப் பெரிதாக்கினால் வட்டு. அந்த வட்டு தனியாக நின்றே தளத்தில் எதையோ நிகழ்த்துகிறது. பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் இரண்டுக்கும் இடையே நிறத்தாலும் அளவாலும் ஒரு விகிதம் பிறக்கிறது. சூரியன், கோள், அணு என்று பார்வையாளர்கள் பலவாறு ஊகித்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய விளக்கத்தில் முதலில் இருப்பது வண்ணம் தோய்ந்த தூரிகை கேன்வாஸைத் தொடும் செயல்தான்.

வட்டம் ஏன் என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சதுரத்துக்கு மூலைகள் உண்டு. அவை கண்ணை ஒரு பக்கமாக இழுக்கும். முக்கோணம் திசை காட்டும். கோடு ஓடும். வட்டுக்கு மேல் கீழ் இல்லை, முன் பின் இல்லை. ஒரு நிறம் தன் பரப்பைத் தவிர வேறெதையும் அறிவிக்காமல் இருக்க அதைவிட நடுநிலையான வடிவம் கிடைப்பது அரிது. 1955இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், ஓவியத்தின் தளத்தை உருவாக்கும் வேலையை நிறமே ஏற்க வேண்டும், அது பொருள்களைச் சித்தரிக்கும் துணைக்கருவியாக இருத்தல் ஆகாது என்று அவர் வாதிட்டார். வட்டு அந்த வாதத்துக்கு வாய்த்த வடிவம்.

ஆகவே இந்த ஓவியத்தில் சிவப்பு என்பது ஒரு சாயலின் பெயர் மட்டுமன்று. இவ்வளவு பரப்புள்ள சிவப்பு, இவ்வளவு பரப்புள்ள நீலத்துக்கு அருகில், இன்ன இடைவெளியில் நிற்கிறது என்ற கணக்கையும் சேர்த்தே அதைச் சிவப்பு என்கிறோம். உள்ளங்கை அகலமுள்ள நீலமும் நாணய அகலமுள்ள நீலமும் ஒரே மையால் அச்சிடப்பட்டாலும் கண்ணுக்கு ஒன்றல்ல. சிறிய பரப்பில் நிறம் இருண்டு, அருகிலுள்ள நிறங்களின் சாயலை ஏற்றுக்கொள்கிறது. இதே ஓவியத்தின் சிறிய சுவரொட்டி நண்பர் ஒருவரின் வீட்டில் இருக்கிறது. அதில் வட்டுகள் வட்டுகளாகவே இல்லை. பல நிறப் புள்ளிகள் நிறைந்த உற்சாகமான அலங்காரமாகப் படம் சுருங்கிவிட்டது. பெரிய பிரதியிலோ இரண்டடி தூரத்தில் நின்றால் ஒரே பார்வையில் முழுப் படமும் பிடிபடுவதில்லை. கண் ஒரு வட்டிலிருந்து அடுத்த வட்டுக்கு நகர்ந்தே ஆக வேண்டும். நை விரும்பியது அந்த நகர்வைத்தான் என்று நம்புகிறேன். 1956இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் வேதியியல் நிறுவனத்துக்காக அவர் வரைந்த ஓவியம் ஆறரை மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்டது. நடந்துகொண்டே பார்க்க வேண்டிய படம் அது. எந்த அச்சகமும் அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

இனி நிறங்களுக்கு வருவோம். நான்கு மைகளைப் புள்ளிகளாக அடுக்கி அச்சிடும் வழக்கமான சுவரொட்டியோடு ஒப்பிட்டால், பத்துக்கும் மேற்பட்ட மைகளைக் கையாளும் இந்த அச்சு முறை வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. சிவப்பு மிக நன்றாக வந்திருக்கிறது. ஆரஞ்சை நோக்கிச் சாயும் சூடான சிவப்பும் சற்றே குளிர்ந்த சிவப்பும் தனித்தனியாகத் தெரிகின்றன. நை நிறத்தை வெப்பம், குளிர்ச்சி என்னும் படிநிலைகளால் அடுக்கியவர் என்பதால், இந்த வேறுபாடு மறைந்திருந்தால் பிரதியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். நீலத்தில்தான் குறை. எண்ணெய் வண்ணத்தில் ஆழ்ந்த நீலம் ஒளியை உள்ளே வாங்கிக்கொண்டு கண்ணாடிபோல் நிற்கும். பளபளப்பற்ற தாளில் மை இழைகளுக்குள் உறிஞ்சப்படுவதால், மிக இருண்ட நீலங்கள் தூள் பூசியதுபோல் மங்கி, ஓரிரு இடங்களில் ஊதாவின் பக்கம் சாய்கின்றன. கறுப்புக்கும் இதே கதிதான்: அது அடர்ந்த சாம்பலாகத் தெரிகிறது. பளபளப்புத் தாளில் அச்சிட்டால் இக்குறை பாதி தீரும். ஆனால் அந்தத் தாள் புகைப்படத்தின் தோற்றத்தைக் கொடுத்துவிடும் என்பதால், இருக்கும் தாளே மேல் என்று நான் கருதுகிறேன்.

வட்டுகளின் விளிம்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் சிறிதாகப் பார்ப்பவர்கள் இவற்றைக் கவராயம் வைத்துப் போட்ட வட்டங்கள் என்று எண்ணக்கூடும். அப்படியல்ல. அகன்ற தூரிகை கையின் வீச்சில் சுழன்று உண்டாக்கிய வட்டுகள் இவை. ஓரிடத்தில் விளிம்பு கூர்மையாக முடிகிறது, இன்னோரிடத்தில் வண்ணம் மெலிந்து அடியிலுள்ள நிறத்தை வெளியே விடுகிறது, வேறோரிடத்தில் பக்கத்து வட்டு அதன்மேல் ஏறி நிற்கிறது. 2022இல் ஹாம்பர்க் கலைக்கூடத்தில் தொடங்கி வீஸ்பாடனுக்கும் டூயிஸ்பர்க்குக்கும் சென்ற பெரிய மீள்நோக்குக் கண்காட்சியில் வட்டுப் படங்களுக்கு அருகில் நெருங்கி நின்றபோது என்னைப் பிடித்து நிறுத்தியவை இந்த விளிம்புகளே. அச்சகத்தார் நுணுக்கமான படப்பதிவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்; தூரிகை முடிகள் விட்ட வரிகள்கூடத் தெரிகின்றன. வண்ணத்தின் தடிப்பு மட்டும் வரவில்லை. அது தாளில் வரவும் முடியாது.

படத்தின் எல்லையையும் அவர்கள் மதித்திருக்கிறார்கள். வட்டுப் படங்களில் சில வட்டுகள் கேன்வாஸின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். அதனால்தான் நிறங்களின் இயக்கம் சட்டகத்துக்கு வெளியேயும் தொடர்வதாகத் தோன்றுகிறது. மலிவான பிரதிகள் சிலவற்றில், சந்தையில் கிடைக்கும் ஃபிரேம் அளவுக்கேற்ப ஓரங்களை நறுக்கிவிடுகிறார்கள். நறுக்கப்பட்ட நை ஓவியம் ஒரு தாளக்கட்டில் அட்சரத்தைக் குறைத்ததற்குச் சமம். இந்தப் பிரதியில் முழுப் படமும், அதைச் சுற்றி வெறுமையான வெள்ளை ஓரமும் இருக்கின்றன.

இப்படி ஓர் ஓவியத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, அந்த நிறங்கள் கடந்து வந்த வழியைச் சொல்வேன். 1937இல் நாஜி அரசு ‘சீரழிந்த கலை’ என்று இழிவுபடுத்தி நடத்திய கண்காட்சியில் நையின் படங்கள் வைக்கப்பட்டன. அருங்காட்சியகங்களிலிருந்த அவருடைய படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க்கின் உதவியால் அவர் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்குச் சென்று வரைந்தார். பிறகு போர் வந்தது. படைவீரராகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு, ல மான் நகரில் வரைபடம் தயாரிக்கும் பணியில் இருந்தபோதும், உள்ளூர்ச் சிற்பி ஒருவர் தம் பட்டறையைத் தந்ததால் ஓவியத்தை விடாமல் தொடர்ந்தார். போர் முடிந்ததும் ஹோஃப்ஹைம் என்னும் சிற்றூரில் தங்கி அவர் வரைந்த படங்களில் புராண உருவங்களின் நிழல் இன்னும் இருந்தது. அந்த உருவங்கள் ஆண்டுக்காண்டு கரைந்து, கடைசியில் எதையும் குறிக்காத வட்டில் வந்து நின்றன. இடிபாடுகளிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், ஆட்சியாளர் எவருக்கும் ஊழியம் செய்யாத நிறத்தைத் தளத்தில் நிறுத்துவது அலங்கார வேலையன்று என்பது என் உறுதியான எண்ணம். இதே ஆண்டுகளில் வண்ணத்தைக் கொட்டியும் கீறியும் வரைந்த ஜெர்மானியர் பலர் இருந்தனர். நை தற்செயலை நம்பாமல் ஒழுங்கை நம்பினார். கொலோன் வானொலியின் மின்னணு இசைக்கூடம் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. புதிய இசையில் அவருக்கு இருந்த ஈடுபாடு ‘இசைவு’ என்ற தலைப்பிலேயே தெரிகிறது.

இந்த அச்சு முறை எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் குறிப்பிட வேண்டும். மியூனிக்கைச் சேர்ந்த ரூப்ரெக்ட் கைகர், கட்டடக்கலை பயின்றவர், 1949இல் ‘ட்ஸென் 49’ என்னும் அருவ ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். வட்டத்தையும் நீள்வட்டத்தையும் சிவப்பையும் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த அவர், பகலொளியில் ஒளிரும் நிறமிகளைப் பயன்படுத்தினார். ஒளிரும் நிறமி தான் வாங்கும் ஒளியை வேறு அலைநீளத்தில் திருப்பித் தருவது; சாதாரண மையால் அதைப் போலச்செய்ய இயலாது. கைகரின் ஓவியங்களை நிறமி மையில் அச்சிட்டு விற்பதைப் பார்த்தால் வாங்க வேண்டாம். அவரே ஒளிரும் மையால் பட்டுத்திரை அச்சுகள் நிறைய உருவாக்கியிருக்கிறார். அவற்றுள் ஒன்றைத் தேடுவதே முறை.

சட்டகமிடும்போது கண்ணாடிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி பச்சைச் சாயலை ஏற்றி, எதிரிலுள்ள சன்னலையும் படத்துக்குள் கொண்டுவந்துவிடும். பிரதிபலிப்பைத் தடுக்கும் கண்ணாடி போட்ட பிறகுதான் இருண்ட நீலங்களில் ஓரளவு ஆழம் மீண்டது. விளக்கும் முக்கியம். மலிவான எல்இடி விளக்குகளில் சிவப்பு அலைநீளங்கள் குறைவு; அவற்றின் கீழ் சிவப்பு வட்டுகள் செங்கல் நிறமாகச் சோர்ந்துவிடுகின்றன. நிறங்களைச் செம்மையாகக் காட்டும் தரமான விளக்கை வாங்குங்கள். நேரடி வெயில் படும் சுவர் கூடாது.

உரிமத்தைச் சரிபார்த்து வாங்குவது நம் கடமை. ஜெர்மானியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும். நையின் படைப்புகளுக்கு அது 2038இன் இறுதிவரை செல்லுபடியாகும். முறையான பிரதியின் ஓரத்தில் கொலோனிலுள்ள நை அறக்கட்டளையின் பெயரும் போன் நகரக் காட்சிக்கலை உரிமை அமைப்பின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். என் பிரதியில் அவை இருக்கின்றன. அனுப்பிய விதத்தில் பெரிய குறையில்லை. தடித்த அட்டைக்குழாயில் அமிலமற்ற தாள் சுற்றி வந்தது. ஆனால் உடன்வந்த குறிப்புத்தாளில் மூல ஓவியத்தின் அளவுகள் தரப்படவில்லை. இந்த ஓவியரின் விஷயத்தில் அது விடக்கூடாத தகவல். பிரதி மூலத்தில் எத்தனை பங்கு என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

அதே அச்சகத்தின் பட்டியலில் நை 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் வரைந்த ‘கண் படங்களும்’ உள்ளன. வட்டுகளைத் தூரிகைக் கோடுகளால் குறுக்கே அடித்து, அவற்றிலிருந்து விழிகள் தோன்றும்படி செய்த படங்கள் அவை. 1964இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த மூன்றாவது டாகுமென்டா என்னும் நவீனக் கலைக் கண்காட்சியில், நையின் நான்கு மீட்டர் சதுரமான மூன்று படங்களைக் கூரையிலிருந்து சாய்த்துத் தொங்கவிட்டு, அக்கண்காட்சியை நிறுவிய அர்னால்ட் போடெ பெரும் சர்ச்சையை எழுப்பினார். கோடுகளின் வேகமும் வண்ணத்தின் தடிப்பும் ஒன்றாக இயங்கும் அந்தப் படங்களைத் தட்டையான தாளில் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. 1965 முதல் வரைந்த கடைசிக் காலப் படங்களில் வண்ணம் மெல்லிதாகவும் சீராகவும் பரவியிருக்கிறது, விளிம்புகளும் தெளிவானவை. இந்தத் தாளுக்கு அவை வட்டுகளைவிட நன்றாகப் பொருந்தும். அவற்றுள் ஒன்றுக்குச் சோதனை அச்சு கேட்டிருக்கிறேன். நீலம் எப்படி வருகிறது என்று பார்த்த பிறகே அளவைத் தீர்மானிப்பேன்.